டி2 ஏற்பியை எப்படிக் கையாள்வது? மனச்சிதைவு மருந்துகள் ஐந்து வகை: ஓர் ஒப்பீடு

மனச்சிதைவு நோய் என்று உறுதியான பிறகு மருத்துவர் இரண்டு மூன்று மருந்துகளின் பெயரைச் சொல்லி, ஒவ்வொன்றாலும் வரக்கூடிய நன்மை தொல்லைகளை விளக்கி, "நீங்களும் யோசித்துச் சொல்லுங்கள்" என்று முடிக்கும்போது பல குடும்பங்கள் திகைத்துப்போகின்றன. அவர்கள் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "இதில் எது பவர் கூடினது?" இந்தக் கேள்வியை வைத்து மருந்தைத் தேர்ந்தெடுக்க முடியாது. குளோசபின் என்ற ஒரு மருந்தை ஒதுக்கி வைத்துவிட்டால், இல்லாத குரல்களையும் ஆதாரமற்ற ஐயங்களையும் அடக்கும் திறனில் மற்ற மருந்துகளுக்கிடையே உள்ள வேறுபாடு சிறியது. ஆனால் அதற்கு உடலின் எந்தப் பகுதி விலை கொடுக்கிறது என்பதில் அவை மலைக்கும் மடுவுக்கும் உள்ள அளவு வேறுபடுகின்றன. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது, நரம்பு செல்களுக்கிடையே செய்தி கடத்தும் டோபமின் என்ற வேதிப்பொருளையும் அதை ஏற்றுக்கொள்ளும் ஏற்பியின் உயிரியலையும் கொஞ்சம் தெரிந்துகொண்டால் விளங்கிவிடும். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

## எல்லா மருந்தும் தட்டிய ஒரே கதவு

மூளையில் டோபமினை ஏற்றுக்கொள்ளும் புரதங்கள் ஐந்து. டி1, டி5 ஆகியவை ஒரு குடும்பம். டி2, டி3, டி4 ஆகியவை மற்றொன்று. ஐந்துமே நரம்பு செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி வளைந்து கிடப்பவை. உள்பக்கம் ஜி புரதம் எனப்படும் இடைத்தரகர் வழியாகவே செய்தியைக் கடத்துபவை. முதல் குடும்பம் செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி என்ற வேதிப்பொருளின் அளவை உயர்த்தும். இரண்டாம் குடும்பம் அதைக் குறைக்கும். டி2 ஏற்பியிலேயே இரண்டு வடிவங்கள் உண்டு. நீண்ட வடிவத்தில் 29 அமினோ அமிலங்கள் கூடுதல். அது பெரும்பாலும் டோபமினைப் பெறும் செல்லில் இருக்கிறது. குட்டை வடிவம் பெரும்பாலும் டோபமினை வெளியிடும் செல்லின் மீதே அமர்ந்து, வெளியே வந்த அளவை உணர்ந்து, "போதும், நிறுத்து" என்று அந்தச் செல்லுக்கே சொல்கிறது.

இவையெல்லாம் தெரிவதற்கு வெகு முன்பே மருந்து வந்துவிட்டது. 1952இல் பாரிஸில் ழான் டிலே, பியேர் டெனிக்கர் என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் குளோர்புரோமசினை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டபோது, அது ஏன் வேலை செய்கிறது என்று யாருக்கும் தெரியாது. மூளையில் டோபமின் தனியொரு செய்திக்கடத்தி என்பதையே ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன் 1957இல்தான் நிறுவத் தொடங்கினார். அந்தப் பணிக்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். 1963இல் அவரும் மார்கிட் லிண்ட்க்விஸ்ட்டும், குளோர்புரோமசினும் ஹாலோபெரிடாலும் ஏற்பிகளை அடைக்கின்றன என்ற கருத்தை முன்வைத்தார்கள். 1976இல் கனடாவில் பிலிப் சீமன் குழுவும் அமெரிக்காவில் சாலமன் ஸ்னைடர் குழுவும் தனித்தனியே ஒரே உண்மையை வந்தடைந்தன. அன்று புழக்கத்திலிருந்த மருந்துகளுக்கு மருத்துவர்கள் கொடுத்துவந்த அன்றாட அளவை ஒரு பக்கமும், பின்னாளில் டி2 என்று பெயர்பெற்ற ஏற்பியோடு அவை ஒட்டிக்கொள்ளும் வலிமையை மறுபக்கமும் வைத்து வரைந்தால், புள்ளிகள் ஏறத்தாழ ஒரு நேர்கோட்டில் விழுந்தன. வலுவாக ஒட்டும் மருந்து சில மில்லிகிராமிலேயே போதும். தளர்வாக ஒட்டுவதற்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். மக்கள் "பவர்" என்று சொல்வது இந்த மில்லிகிராம் கணக்கைத்தான். 5 மில்லிகிராம் மாத்திரை 400 மில்லிகிராம் மாத்திரையைவிட இலேசானது என்று யாரும் ஆறுதல் கொள்ள இடமில்லை.

நோயின் பக்கமிருந்தும் சான்றுகள் உண்டு. ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்க மருந்து டோபமினைக் கொட்டச் செய்து, நலமாக இருந்தவருக்கும் ஐயுறவைக் கிளப்பிவிடக்கூடியது. பார்கின்சன் நோய்க்குக் கொடுக்கும் லெவோடோபா சிலருக்கு இல்லாத உருவங்களைக் காட்டுகிறது. மூளையின் வேதிச் செயல்பாட்டைப் படமெடுக்கும் பெட் ஸ்கேன் ஆய்வுகள், மனச்சிதைவு உள்ளவர்களில் பலருக்கு ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதியில் டோபமின் உற்பத்தி கூடியிருப்பதைக் காட்டியுள்ளன. இந்த மிகையின் விளைவு என்ன என்பதற்கு 2003இல் ஷிதிஜ் கபூர் தந்த விளக்கம் எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. எது கவனிக்கத் தக்கது என்று உலகின் மீது முத்திரை குத்துவது டோபமினின் வேலைகளில் ஒன்று. அது கண்டபடி சுரக்கும்போது, எதிர் வீட்டுக்காரரின் இருமலும் தெருமுனையில் நிற்கும் காரின் எண்ணும் தனக்காகவே அனுப்பப்பட்ட செய்திகளாகத் தோன்றுகின்றன. அந்தத் தோற்றத்துக்குக் காரணம் கற்பிக்க முயலும் மனம் ஒரு சதிக்கதையைக் கட்டிக்கொள்கிறது. மருந்து அந்தக் கதையை அழிப்பதில்லை, அதன் அழுத்தத்தைத் தணிக்கிறது. "குரல் கேட்கத்தான் செய்கிறது, ஆனால் முன்போல என்னைப் பிடித்து ஆட்டுவதில்லை" என்று நோயாளி சொன்னால், மருந்து வேலை செய்யவில்லை என்று பொருள்கொள்ளக் கூடாது. அது வேலை செய்யத் தொடங்கியதன் அடையாளம் அது.

டோபமினே முழுக் கதை என்றும் எண்ணிவிட வேண்டாம். 2014இல் வெளியான பெரிய மரபணு ஆய்வு நோயோடு தொடர்புள்ள 108 இடங்களைக் கண்டது. அவற்றில் டி2 ஏற்பியின் மரபணுவும் ஒன்று, ஆனால் 108இல் ஒன்று. குளூட்டமேட் என்ற மற்றொரு செய்திக்கடத்தியின் அமைப்பைச் சார்ந்த மரபணுக்களும் அந்தப் பட்டியலில் இருந்தன.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் அளவுகோல், டி2 ஏற்பிகளில் எத்தனை பங்கை மருந்து பிடிக்கிறது என்பது. கபூர் குழு 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஹாலோபெரிடால் ஆய்வில், 65 விழுக்காட்டுக்கு மேல் பிடிக்கப்பட்டபோது நோய் தணியும் வாய்ப்பும், 72ஐத் தாண்டியபோது பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் ஹார்மோன் உயரும் வாய்ப்பும், 78ஐத் தாண்டியபோது நடுக்கம், இறுக்கம் போன்ற இயக்கக் கோளாறுகள் வரும் வாய்ப்பும் கூடின. பலனுக்கும் தொல்லைக்கும் இடையிலான சந்து அவ்வளவு குறுகலானது. ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம் ஹாலோபெரிடாலே பலருக்கு அந்தச் சந்தின் வாசல்வரை கொண்டுபோய்விடுகிறது என்பதைப் பார்க்கும்போது, ஒரு காலத்தில் 20, 30 மில்லிகிராம் என்று அள்ளிக் கொடுத்ததில் பெரும்பகுதி தொல்லைக்கே போயிருக்கும் என்பது புரியும்.

இரண்டாவது, டி2 எங்கெங்கே இருக்கிறது என்பது. மாத்திரைக்கு முகவரி பார்த்துப் போகத் தெரியாது. ஐயுறவோடு தொடர்புள்ள ஸ்ட்ரயேட்டப் பகுதியில் அடைப்பு நமக்கு வேண்டியது. உடலசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியில் அதே அடைப்பு பார்கின்சன் நோயைப் போன்ற நிலையை உண்டாக்கும். பிட்யூட்டரி சுரப்பியில் டோபமின்தான் புரோலாக்டினை அடக்கி வைத்திருக்கிறது. அங்கே அடைத்தால் மாதவிடாய் நிற்பதும், மார்பில் பால் கசிவதும், ஆண்களுக்குப் பாலுணர்வு குன்றுவதும், ஆண்டுக்கணக்கில் நீடித்தால் எலும்பு தேய்வதும் உண்டு. நெற்றிப்புற மூளைக்குப் போகும் டோபமின் பாதை இந்நோயில் ஏற்கெனவே சோர்ந்திருப்பதாகக் கருதப்படுகிறது. அதை மேலும் அடக்கினால் ஊக்கமின்மை கூடலாம்.

மூன்றாவது, டி2வைத் தவிர மருந்து வேறு எந்த ஏற்பிகளில் கை வைக்கிறது என்பது. ஹிஸ்டமின், செரட்டோனின் என்ற வேறு செய்திக்கடத்திகளின் ஏற்பிகளான எச்1, 2சி ஆகியவற்றை அடைக்கும் மருந்துகளோடு பசியும் எடையும் ஏறும். நான்காவது, மாத்திரையை மறக்கிறவருக்கு ஊசி வடிவம் உண்டா, எத்தனை இரத்தப் பரிசோதனை என்ற நடைமுறைக் கணக்கு. குடும்பங்கள் கடைசியில் யோசிப்பது இதைத்தான். ஆனால் ஓராண்டு கழித்து மருந்து தொடர்கிறதா இல்லையா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது இதுவே.

## முழு அடைப்பான்கள்: ஹாலோபெரிடாலும் அதன் தலைமுறையும்

இவை டி2வில் அமர்ந்து, டோபமினின் செய்தியை முழுவதுமாகத் தடுப்பவை. ஹாலோபெரிடால் 1958இல் பெல்ஜியத்தில் பால் யான்சனின் ஆய்வகத்தில் உருவானது. இன்றும் அவசர சிகிச்சையில் அதன் இடம் போகவில்லை. நன்மை தெளிவு: வேகம், நீண்ட அனுபவம், மலிவு, எடையும் சர்க்கரையும் ஒப்பளவில் குறைவாகவே பாதிக்கப்படுதல், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி.

மறைந்திருக்கும் செலவு இயக்கத்தில் இருக்கிறது. தொடங்கிய சில நாட்களுக்குள், குறிப்பாக இளைஞர்களுக்கு, கழுத்து ஒருபுறம் முறுக்கிக்கொள்வதும் கண்விழி மேலே செருகிக்கொள்வதும் நேரலாம். பார்ப்பவர்கள் பதறினாலும் இதற்கு உடனடி மாற்று ஊசி உண்டு. அதைவிட ஏமாற்றுவது அகதீசியா எனப்படும் இருப்புக்கொள்ளாமை. நாற்காலியில் உட்காரச் சொன்னால் உட்காருவார். அரை நிமிடத்தில் ஒரு காலை மாற்றி மறுகாலைப் போடுவார், எழுவார், வாசல்வரை நடப்பார், திரும்பி வந்து உட்காருவார், மறுபடி எழுவார். என்ன செய்கிறது என்று கேட்டால், "உள்ளே ஏதோ பிடுங்குகிறது" என்பார். வீட்டார் இதை நோய் முற்றுவதாக எண்ணி மருத்துவரிடம் சொல்ல, அவரும் அப்படியே எடுத்துக்கொண்டால் மருந்தளவு கூட்டப்படும். அளவு கூட, பிடுங்கலும் கூடும். நீண்ட காலம் கழித்து வாய், நாக்கு, தாடை தாமாகவே அசைபோடும் டார்டிவ் டிஸ்கைனீசியா இன்னொரு செலவு. பழைய தலைமுறை மருந்துகளில் ஆண்டுக்கு ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு இது புதிதாக வருகிறது. மருந்தை நிறுத்தினாலும் சிலருக்குப் போவதில்லை.

ஆனாலும் இவற்றைப் பழம்பஞ்சாங்கம் என்று தள்ளிவிட முடியாது. 2005இல் வெளியான கேட்டீ என்ற அமெரிக்க ஆய்வில் 1,493 பேர் பங்கேற்றார்கள். பழைய மருந்தான பெர்ஃபெனசினை மிதமான அளவில் கொடுத்தபோது, ஓலன்சபினைத் தவிர்த்த புதிய மருந்துகளுக்கு அது இளைத்துப்போகவில்லை. அந்த ஆய்வின் உண்மையான அதிர்ச்சி வேறொன்று: 18 மாதங்களுக்குள் 74 விழுக்காட்டினர் தமக்குக் கொடுக்கப்பட்ட முதல் மருந்தைக் கைவிட்டுவிட்டார்கள். சர்க்கரை நோயும் உடல் பருமனும் ஏற்கெனவே உள்ளவருக்கு, அளவைக் கட்டுக்குள் வைத்தால், இந்த வகை இன்றும் நியாயமான தேர்வுதான்.

## டோபமினோடு செரட்டோனினையும் தொடுபவை: ரிஸ்பெரிடோன், ஓலன்சபின், குவெட்டியாபின்

டி2வை அடைப்பதோடு செரட்டோனின் 2ஏ ஏற்பியையும் அடைப்பது இந்தக் குழுவின் பொது அடையாளம். செரட்டோனின் பிடி தளரும்போது அசைவுப் பகுதியில் டோபமின் கொஞ்சம் கூடுதலாகச் சுரந்து அடைப்பை ஈடுகட்டுகிறது என்பது விளக்கம். ஆனால் ஒரே பெயரில் அழைக்கப்படும் இந்த மூன்றும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் போல நடந்துகொள்வதில்லை.

ரிஸ்பெரிடோன் டி2வை இறுகப் பிடிக்கும். அளவு கூடும்போது ஹாலோபெரிடாலின் தொல்லைகளை நோக்கி நகர்ந்துவிடும். புரோலாக்டினை மிக அதிகமாக உயர்த்துபவற்றில் இதுவும் ஒன்று. பிட்யூட்டரி சுரப்பி, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்புச் சுவருக்கு வெளியே இருப்பதால், மூளைக்குள் நுழையச் சிரமப்படும் மருந்துத் துகள்கூட அதை எளிதில் அடைந்துவிடுகிறது. மாதவிடாய் நின்றுபோனதை வெட்கத்தால் சொல்லாமல் இருக்கும் பெண்களும், பாலுணர்வு குன்றியதைச் சொல்லாமலே மாத்திரையை நிறுத்திவிடும் ஆண்களும் உண்டு. மருத்துவர் கேட்காவிட்டாலும் இதைச் சொல்லிவிடுவது நல்லது. இதன் பெரும் பலம் ஊசி. இதன் வழிப்பொருளான பாலிபெரிடோன் மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று மூன்று வடிவங்களில் கிடைக்கிறது. மாத்திரை விழுங்கினாயா என்ற அன்றாடச் சண்டை வீட்டிலிருந்து போய்விடுவதே ஒரு சிகிச்சை என்பேன்.

ஓலன்சபின் நோயை அடக்குவதில் சற்றே முன்னிற்கிறது. கேட்டீ ஆய்விலும் அதைக் கைவிட்டவர்கள் 64 விழுக்காடு, மற்றவற்றைவிடக் குறைவு. அதற்கான விலை எடை. அதே ஆய்வில் ஓலன்சபின் எடுத்தவர்களில் 30 விழுக்காட்டினர் தம் உடல் எடையில் 7 விழுக்காடோ அதற்கு மேலோ கூடினார்கள். இந்த எடை முதல் சில மாதங்களிலேயே விறுவிறுவென்று ஏறுவதால், தொடங்கும் நாளிலேயே எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்பது காலம் கடந்த யோசனை. தூக்கமே இல்லாமல், உண்ணாமல், மெலிந்து வந்தவருக்கு முதல் கட்டத்தில் ஓலன்சபின் மிகப் பொருத்தம். குடும்பத்தில் சர்க்கரை நோய் உள்ள இருபது வயதுக்காரருக்கு நீண்ட காலத்துக்கு அதுவே பொருத்தமற்றது.

குவெட்டியாபின் டி2வில் ஒட்டி உடனே விலகும் வகை. மாத்திரை விழுங்கிய இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏற்பிப் பிடிப்பு 60 விழுக்காட்டை ஒட்டியிருந்து, அரை நாளில் 30க்கும் கீழே இறங்கிவிடுகிறது. நடுக்கமும் புரோலாக்டினும் குறைவு. தூக்கக் கிறக்கம் அதிகம்.

## பகுதித் தூண்டிகள்: அரிப்பிபிரசோலும் காரிப்பிரசினும்

இந்த வகைதான் ஏற்பி உயிரியலின் நுணுக்கத்தை நன்றாகக் காட்டுகிறது. 2002இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற அரிப்பிபிரசோல், வழக்கமான அளவில் 80 விழுக்காட்டுக்கும் மேலான டி2 ஏற்பிகளைப் பிடித்துக்கொள்கிறது. முன்சொன்ன கணக்கின்படி அத்தனை பேருக்கும் கைகால் விறைத்திருக்க வேண்டும். பெரும்பாலோருக்கு அப்படி ஆவதில்லை. காரணம், அது ஏற்பியை ஊமையாக்குவதில்லை. டோபமின் எழுப்பும் ஒலியில் ஒரு சிறு பங்கைத் தானே எழுப்புகிறது. வெள்ளம் வந்தாலும் கோடையானாலும் ஒரே அளவு நீரை விடும் மதகு போல, டோபமின் மிகுந்த இடத்தில் செய்தியைக் குறைத்தும் வற்றிய இடத்தில் கொஞ்சம் கொடுத்தும் வருகிறது. பிட்யூட்டரியிலும் இதே செயல் நடப்பதால் புரோலாக்டின் உயர்வதில்லை. வேறு மருந்தால் உயர்ந்திருப்பதை இறக்குவதற்காகவே இதைச் சிறிய அளவில் சேர்ப்பதும் உண்டு.

எடையும் சர்க்கரையும் பெரிதாக ஏறாதது, மாத ஊசி உள்ளது, படிப்பு வேலை என்று பகலில் விழிப்பாக இருக்க வேண்டியவர்களுக்கு உகந்தது என்பதால், முதன்முறை நோய் கண்ட இளையவர்களுக்கு நான் முதலில் யோசிக்கச் சொல்வது இந்த வகையைத்தான். மறைந்திருக்கும் செலவு, முன்பு விவரித்த அதே அகதீசியா. இங்கே அது கைகால் இறுக்கம் எதுவும் இல்லாமல் தனியாக வருவதால் இன்னும் எளிதாகத் தவறவிடப்படுகிறது. சிலருக்குச் சூதாட்டம், பொருள் வாங்குதல், பாலுறவு ஆகியவற்றில் அடக்க முடியாத உந்துதல் எழுவதும் பதிவாகியிருக்கிறது. ஏற்பியைத் தூண்டும் மருந்து என்பதை நினைவில் கொண்டால் இது வியப்பில்லை. கடும் கொந்தளிப்பில் இருப்பவரைச் சில நாட்களில் அமைதிப்படுத்த இது தனியாகப் போதாமல் போகலாம்.

காரிப்பிரசின் டி2வைவிட டி3 ஏற்பியை நாடுகிறது. யாரோடும் பேசாமல், எதிலும் நாட்டமின்றி, முகத்தில் உணர்ச்சியின்றி இருக்கும் நிலையே முதன்மையாக உள்ள 461 பேரிடம் நடந்த 26 வார ஆய்வு 2017இல் வெளியானது. அதில் ரிஸ்பெரிடோனைவிடக் காரிப்பிரசின் அந்த அறிகுறிகளில் ஓரளவு கூடுதல் பலன் தந்தது. இந்த அறிகுறிகளுக்கு உருப்படியான மருந்தே இல்லாத நிலையில் அந்தச் சிறு முன்னேற்றமும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

## குளோசபின்: தனி வரிசை

குளோசபினை மற்றவற்றோடு ஒரே தட்டில் வைத்து நிறுப்பது தவறு. டி2வில் அதன் பிடிப்பு பெரும்பாலும் 70 விழுக்காட்டைத் தொடுவதில்லை, ஒட்டியதும் விலகிவிடுகிறது. ஆயினும் மற்ற மருந்துகள் தோற்ற இடத்தில் அது வெல்கிறது. 1988இல் ஜான் கேன் குழு வெளியிட்ட ஆய்வில், எந்த மருந்துக்கும் இணங்காத 268 பேருக்கு ஆறு வாரம் சிகிச்சை அளித்தபோது, குளோசபின் பெற்றவர்களில் 30 விழுக்காட்டினரும் குளோர்புரோமசின் பெற்றவர்களில் 4 விழுக்காட்டினரும் முன்னேறினார்கள். மருந்துக்கு இணங்காத நோயாளிகளில் பலருக்கு டோபமின் உற்பத்தியே மிகையாக இல்லை என்று பின்னாளைய பெட் ஸ்கேன்கள் காட்டின. அப்படிப்பட்டவருக்கு டி2வை மேலும் மேலும் அடைப்பது, கசியாத குழாயை இறுக்குவது போன்றது.

விலையும் பெரிது. 100 பேரில் ஒருவருக்கும் குறைவாகவே என்றாலும், வெள்ளணுக்கள் திடீரென்று வீழ்ந்து சாதாரணத் தொற்றே உயிருக்கு உலையாகும் நிலை வரலாம். 1975இல் பின்லாந்தில் நேர்ந்த இறப்புகளுக்குப் பிறகு பல நாடுகளில் இந்த மருந்து ஒதுக்கப்பட்டது. இரத்தப் பரிசோதனையின் துணையோடு 1989இல் அமெரிக்க ஒப்புதல் பெற்றுத் திரும்பியது. பல நாடுகளில் முதல் 18 வாரங்களோ ஆறு மாதங்களோ வாரந்தோறும் இரத்தம் எடுப்பது வழக்கம். இதற்கு எல்லோரும் அஞ்சுகிறார்கள். மலச்சிக்கலுக்கு யாரும் அஞ்சுவதில்லை. ஆனால் குளோசபின் குடலின் அசைவை மந்தமாக்கி, கவனிக்காமல் விட்டால் உயிரையே பறிக்கக்கூடியது. எத்தனை நாளாக மலம் போகவில்லை என்ற கேள்வி இங்கே இரத்தப் பரிசோதனை அளவுக்கு முக்கியம். இரவில் தலையணை நனையுமளவு எச்சில் ஒழுகுவது, எடை ஏறுவது, தொடக்க வாரங்களில் இதயத் தசை அழற்சி, அளவு கூடினால் வலிப்பு ஆகியவையும் உண்டு.

வெளியே தெரியாத கணக்குகள் இன்னும் இரண்டு. இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது; 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி படிப்படியாக ஏற வேண்டும். அடுத்தது சிகரெட். புகையிலுள்ள ஹைட்ரோகார்பன்கள் கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியை முடுக்கிவிடுவதால், புகைப்பவருக்குக் கூடுதல் அளவு தேவைப்படுகிறது. அவர் திடீரென்று புகைப்பதை நிறுத்தினால், அல்லது புகைக்க அனுமதியில்லாத மருத்துவமனையில் சேர்ந்தால், அதே மாத்திரையில் இரத்த அளவு கணிசமாக ஏறிவிடும். ஒன்றரை மடங்காவதும் உண்டு. காரணம் புகை, நிக்கோட்டின் இல்லை என்பதால் நிக்கோட்டின் பட்டை ஒட்டிக்கொள்வது இதைத் தடுக்காது. ஓலன்சபினுக்கும் ஓரளவு இதே கதைதான்.

எப்போது தேர்ந்தெடுப்பது? இரண்டு மருந்துகளை, போதிய அளவில், ஒவ்வொன்றையும் ஆறு வாரமாவது ஒழுங்காக எடுத்தும் தணியாவிட்டால். தற்கொலை எண்ணம் விடாமல் தொடர்பவருக்கு இதைவிட முன்னதாகவே யோசிக்கலாம். 2003இல் வெளியான ஆய்வொன்றில் ஓலன்சபினைவிட இது தற்கொலை முயற்சிகளைக் குறைத்தது. என் குறை ஒன்றே: ஐந்தாறு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுத்து, ஆண்டுகளைத் தொலைத்த பிறகே பலர் இந்தக் கதவருகே கொண்டுவரப்படுகிறார்கள்.

## டி2வைத் தொடாத வழி: ஸனோமெலினும் டிராஸ்பியமும்

2024 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இந்தக் கூட்டு மருந்து, எந்த டோபமின் ஏற்பியையும் நேரடியாக அடைப்பதில்லை. ஸனோமெலின் மூளையில் எம்1, எம்4 என்ற மஸ்கரினிக் ஏற்பிகளைத் தூண்டி, டோபமின் வெளியாவதையே முன்கட்டத்தில் தணிக்கிறது. வயிற்றிலும் குடலிலும் அதே தூண்டல் குமட்டலைக் கிளப்பும் என்பதால், மூளைக்குள் எளிதில் நுழையாத டிராஸ்பியம் உடலின் மற்ற பகுதிகளில் அதை முறிக்கிறது. டி2 அடைக்கப்படாததால் நடுக்கம், புரோலாக்டின் ஆகிய தொல்லைகள் பெரிதாக இல்லை. எடையும் பெரிதாக ஏறுவதில்லை. வாந்தி, மலச்சிக்கல், செரிமானக் கோளாறு, இதயத் துடிப்பு மிகுதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் ஆகியவை உண்டு. நாளைக்கு இருமுறை வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். கல்லீரல் பழுதுபட்டவர்களுக்கு ஏற்றதன்று. ஒப்புதலுக்கு அடிப்படையான ஆய்வுகள் ஐந்து வாரம் நடந்தவை. 70 ஆண்டு அனுபவத்தோடு ஐந்து வாரத்தை ஒப்பிடுகிறோம் என்பதை மறக்காமல், மற்றவற்றின் தொல்லையைத் தாங்க முடியாதவர்களுக்கு இதைக் கருதலாம்.

| வகை | டி2வில் செயல் | நடுக்கம், இறுக்கம் | புரோலாக்டின் | எடை, சர்க்கரை | நீண்டகால ஊசி |
|---|---|---|---|---|---|
| ஹாலோபெரிடால் | முழு அடைப்பு | மிகுதி | உயரும் | குறைவு | உண்டு |
| ரிஸ்பெரிடோன் | இறுகிய அடைப்பு | அளவைப் பொறுத்தது | மிக உயரும் | நடுத்தரம் | உண்டு |
| ஓலன்சபின் | அடைப்பு | குறைவு | சற்றே | மிக மிகுதி | உண்டு |
| குவெட்டியாபின் | ஒட்டி விலகும் | மிகக் குறைவு | மிகக் குறைவு | நடுத்தரம் | இல்லை |
| அரிப்பிபிரசோல் | பகுதித் தூண்டல் | குறைவு. இருப்புக்கொள்ளாமை உண்டு | உயராது | குறைவு | உண்டு |
| குளோசபின் | தளர்ந்த அடைப்பு | மிகக் குறைவு | மிகக் குறைவு | மிக மிகுதி | இல்லை |
| ஸனோமெலின்–டிராஸ்பியம் | நேரடிச் செயல் இல்லை | மிகக் குறைவு | உயராது | குறைவு | இல்லை |

## மற்ற டோபமின் ஏற்பிகளைக் குறிவைத்தால் என்ன?

குளோசபின் டி2வைவிட டி4ஐ வலுவாகப் பிடிக்கிறது என்று தெரிந்ததும், அதன் இரகசியம் டி4இல்தான் இருக்கிறது என்ற நம்பிக்கை 1990களில் பரவியது. டி4ஐ மட்டும் அடைக்கும் மருந்து நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டுத் தோற்றது. நெற்றிப்புற மூளையில் நினைவாற்றலுக்கு டி1 தேவை; ஆனால் அங்கே குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும் என்பதால் அதற்கான மருந்தும் எளிதில் கைகூடவில்லை.

## மருந்தே வேண்டாம் என்றால்?

இதுவும் ஒரு தேர்வாகவே பலர் மனத்தில் இருக்கிறது, சொல்லத்தான் தயங்குகிறார்கள். நோய் தணிந்தவர்களிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கணக்கின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 விழுக்காட்டினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. இதை இரு பக்கமும் படிக்க வேண்டும்: மருந்தோடும் நால்வரில் ஒருவருக்குத் திரும்பியது, மருந்தில்லாமல் மூவரில் ஒருவர் அந்த ஓராண்டைத் தாண்டினார். யார் அந்த ஒருவர் என்று முன்கூட்டியே காட்டும் சோதனை எதுவும் இல்லாததால்தான், அளவைக் குறைப்பதென்றாலும் மாதக்கணக்கில், மருத்துவரின் கண்பார்வையில் குறைக்கச் சொல்கிறார்கள்.

## மாற்றும்போது ஆகும் செலவு

ஒரு மருந்திலிருந்து மற்றொன்றுக்குப் போவது சட்டையை மாற்றுவது போன்றதன்று. டி2வை நீண்ட காலம் அடைத்து வைத்திருந்தால், செல்கள் ஏற்பிகளைப் பெருக்கியும் கூர்மையாக்கியும் ஈடுகட்டிக்கொள்ள முயல்கின்றன. அந்த நிலையில் அடைப்பைச் சட்டென்று எடுத்தால், வழக்கமான டோபமினே பேரொலியாகக் கேட்கும். இறுகப் பிடிக்கும் மருந்திலிருந்து பகுதித் தூண்டிக்கு ஒரே நாளில் தாவும்போது சிலருக்குப் பதற்றமும் ஐயுறவும் பொங்கி எழுவது இதனால்தான். பழையதைக் குறைப்பதற்கு முன்பே புதியதைத் தொடங்கி, சில வாரங்கள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஓடவிடுவது பாதுகாப்பான வழி. அரிப்பிபிரசோலின் அளவு இரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 75 மணி நேரம் ஆகிறது. அந்தக் கணக்கில், ஒரே அளவைத் தொடர்ந்து எடுத்தாலும் அது உடலில் நிலைகொள்ள இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே மாற்றிய மூன்றாம் நாளே "இது பிடிக்கவில்லை, பழையதே தாருங்கள்" என்று நோயாளி சொன்னால், அவர் உணர்வது புதிய மருந்தின் குணத்தையா, பழைய மருந்து விலகும்போது எழும் அதிர்வையா என்று மருத்துவராலும் அந்த மூன்றாம் நாளில் பிரித்துச் சொல்ல முடியாது.